சொற்கட்டும் தொடுகையும்: புதுக்கோட்டை மரபில் பல தோற்கருவிப் பயிற்சி

முன்னுரை

சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை வகுத்த அடியார்க்கு நல்லார், முழவுகளை அகமுழவு, அகப்புறமுழவு, புறமுழவு எனத் தொடங்கிப் பலவாகப் பகுத்துக் காட்டுகிறார். அக்காதை தண்ணுமை ஆசிரியனின் தகுதிகளையும் தனியே கூறுகிறது. கருவிகள் பலவாயினும் கலைஞன் ஒருவனே எனில், ஒன்றில் பெற்ற பயிற்சி மற்றொன்றுக்கு எவ்வளவு உதவும் என்னும் வினா எழுகிறது. புதுக்கோட்டை மரபை முன்வைத்து இக்கட்டுரை அதனை ஆராய்கிறது.

மரபின் பின்புலம்

இம்மரபின் முதல்வர் மான்பூண்டியா பிள்ளை. பஜனைகளில் தாளத்துணையாக இருந்த கஞ்சிராவைக் கச்சேரிக் கருவியாக உயர்த்தியவர் அவர். அவருடைய மாணவர் தட்சிணாமூர்த்தி பிள்ளை கஞ்சிரா, மிருதங்கம் இரண்டிலும் புகழ்பெற்றார். மற்றொரு மாணவரான பழனி முத்தையா பிள்ளை தவிலிலும் மிருதங்கத்திலும் வல்லவர். முத்தையா பிள்ளையின் மகன் பழனி சுப்பிரமணிய பிள்ளையும் மிருதங்கத்தோடு கஞ்சிராவும் வாசித்தார். ஆகவே பல கருவிப் பயிற்சி இங்குத் தனியொருவர் விருப்பமாக நில்லாமல் மரபின் இயல்பாகவே அமைந்தது.

இடம்பெயர்வனவும் பெயராதனவும்

கருவி மாறினும் மாறாதது சொற்கட்டு. நாவில் பயின்ற கோவையும் முத்தாய்ப்புக் கணக்கும் தவிலிலிருந்து மிருதங்கத்துக்கும் அதிலிருந்து கஞ்சிராவுக்கும் எளிதில் செல்கின்றன. தொடுகையோ அவ்வாறு செல்வதில்லை. தவிலில் ஒரு புறம் கூடணிந்த விரல்களும் மறுபுறம் கழியும் ஒலியெழுப்புகின்றன. மிருதங்கத்தில் வெறுங்கைகளே வலந்தலையையும் தொப்பியையும் பகிர்ந்துகொள்கின்றன. வலந்தலை சுருதியோடு இசைய வேண்டும். கஞ்சிராவில் ஒரு கை கருவியைத் தாங்க, மறுகை ஒன்றே வாசிக்கிறது. இரு கைகள் பகிர்ந்த சொற்களை ஒரு கையின் விரல்களும் உள்ளங்கையும் முறைமாற்றித் தர வேண்டியுள்ளது. தோலை நனைத்துத் தளர்த்துவதால் நாதம் தாழ்கிறது. கருவியைத் தாங்கும் கையின் விரல்கள் தோலை அழுத்த அது ஏறியிறங்குகிறது. தொப்பியில் எழும் கும்கியோடு இவ்வழுத்தம் ஒப்புநோக்கத்தக்கது. தொப்பி நாதத்துக்குப் பெயர்பெற்ற சுப்பிரமணிய பிள்ளை கஞ்சிராவும் பயின்றவர் என்பது இவ்விடத்துக் கருதத்தக்கது.

மரபின் நீட்சி

சுப்பிரமணிய பிள்ளையின் மாணவர் திருச்சி சங்கரன் மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் தேர்ந்தவர். 1971இல் கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணியேற்ற அவர், அயல்நாட்டுத் தாளக் கலைஞர்களுடன் வாசித்ததோடு கமலான் குழுவுக்கும் இசையமைத்துள்ளார். உலோகக் கருவிகள் மிகுந்த அக்குழுவிற்குத் தோற்கருவி விரல்முறை பொருந்தாது. அங்கும் லயக்கணக்கு வழிகாட்ட இயன்றமை, சொற்கட்டு கருவி கடந்தது என்பதற்குச் சான்றாகிறது.

முடிவுரை

சொற்கட்டு பொது, தொடுகை கருவிக்கே உரியது. முன்னது ஒருமுறை பயின்றால் உடன்வரும். பின்னதை ஒவ்வொரு கருவியிலும் புதிதாகவே பயில வேண்டும். தோற்கருவிக் கல்வியைக் கணக்களவில் மட்டும் மதிப்பிட்டால் இவ்விரண்டாம் பகுதி விடுபட்டுப்போகும். சொற்கட்டை ஏட்டில் பதிவுசெய்யும் ஆய்வுகள் விரல்முறையையும் நாத வேறுபாட்டையும் உடன் பதிவுசெய்தாலன்றி மரபு முழுமையாகக் கைமாறாது.