நெல்லித்தோப்பு வாக்கும் பேரவைக் கணக்கும்

புதுவை நகரின் மேற்புறத்தே நெல்லித்தோப்பு என்னும் பகுதி அமைந்துள்ளது. நெல்லி மரங்கள் செறிந்த தோப்பு என்பதே அப்பெயரின் பொருள். இன்று அங்கே மரங்களைக் காட்டிலும் மாடி வீடுகளே மிகுதி. சந்தையின் ஆரவாரமும், மாதா கோவிலின் மணியோசையும், ஓயாத வண்டிப் போக்குவரத்துமே அவ்விடத்தின் அடையாளங்கள். பெயரளவில் மட்டும் தோப்பாக நிற்கும் அச்சிறு பகுதி, புதுச்சேரிச் சட்டமன்றத்தின் 30 தொகுதிகளுள் ஒன்றாகும். வாக்காளர் ஒருவர் இட்ட வாக்கு, பேரவை மண்டபத்தின் உள்ளே புகுந்தபின் என்ன ஆகின்றது என்பதை அறிய விழைவோர்க்கு இத்தொகுதியின் அண்மை வரலாறு பெரிதும் துணை செய்யும்.

புதுச்சேரி நெடுங்காலம் பிரெஞ்சுக்காரர் ஆட்சியின்கீழ் இருந்தது. 1954ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 18ஆம் நாள் கீழூர் என்னும் சிற்றூரில் மக்கட் பிரதிநிதிகளும் நகராட்சி உறுப்பினர்களும் கூடினர். வாக்களிக்கும் உரிமை பெற்றோர் 178 பேர். அவர்களுள் 170 பேர் இந்தியாவுடன் இணைதலே தக்கது என்றனர். 8 பேர் மறுத்தனர். அவ்வாண்டு நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி கைம்மாறியது. ஆயினும் உடன்படிக்கை 1956இல் கையெழுத்தாகி, 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாளன்றே சட்டப்படி முழுமை எய்தியது. ஒன்றியத்து ஆட்சிப்பகுதிகளுக்கான சட்டம் 1963இல் இயற்றப்பட்டது. அதன்படி அவ்வாண்டு சூலை 1ஆம் நாள், அதுகாறும் பிரதிநிதித்துவ சபையாக இருந்தது சட்டமன்றமாக மாறிற்று. எதுவார் குபேர் முதல் முதலமைச்சர் ஆனார்.

தமிழர்க்கு அவை கூடுதல் புதிதன்று. பத்தாம் நூற்றாண்டில், முதற் பராந்தக சோழன் காலத்தில், உத்திரமேரூரில் குடவோலை முறையால் வாரியப் பெருமக்களைத் தேர்ந்த செய்தியைக் கல்வெட்டுக்கள் கூறுகின்றன. அதனைப் பெருமையோடு எடுத்துரைப்பார் பலர். எனினும் அவ்வோலையிற் பெயர் எழுதப்பெற நிலமும், சொந்த மனையும், மறைக் கல்வியும் வேண்டும் என்று அதே கல்வெட்டுக் கூறுவதையும் மறைத்தல் ஆகாது. இன்றோ 18 வயது நிரம்பிய குடிமக்கள் அனைவர்க்கும் வாக்குண்டு. சந்தையில் மீன் விற்கும் மூதாட்டிக்கும் ஒரு வாக்கே, மாளிகை வாழும் செல்வர்க்கும் ஒரு வாக்கே.

புதுச்சேரிப் பேரவைக்கு ஒரு தனி இயல்பு உண்டு. அதன் 30 தொகுதிகளுள் 23 புதுச்சேரிப் பகுதியிலும், 5 காரைக்காலிலும் உள்ளன. எஞ்சிய இரண்டுள் ஒன்று மலையாளக் கரையிலுள்ள மாகி. மற்றொன்று கோதாவரி ஆற்றின் கழிமுகத்தையடுத்த ஏனாம். ஆகவே தமிழும் மலையாளமும் தெலுங்கும் தாய்மொழியாக உடையோர் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து வாதிடுவர். இவர்களேயன்றி, மத்திய அரசு நியமிக்கும் உறுப்பினர் மூவர் வரை அங்கு இடம் பெறலாம். இம்மூவரைப் பற்றிய செய்தியை மாணவர் மனத்தில் இருத்திக்கொள்ளல் வேண்டும். பின்னர் அது பெரிதும் பயன்படும்.

நெல்லித்தோப்பு, முதலமைச்சரைத் தந்த தொகுதி. 1996 முதல் 2000 வரை அப்பதவியில் இருந்த ஆர். வி. சானகிராமன் இத்தொகுதியின் உறுப்பினரே. 2016ஆம் ஆண்டு மே மாதம் நடந்த பொதுத்தேர்தலில் இத்தொகுதியில் வென்றவர் சான்குமார். அத்தேர்தலில் மிகுதியான இடங்களைப் பெற்ற காங்கிரசுக் கட்சியினர் வே. நாராயணசாமியைத் தலைவராகத் தேர்ந்தனர். அவரோ அத்தேர்தலில் போட்டியிடாதவர். சூன் 6ஆம் நாள் அவர் முதலமைச்சராகப் பதவியேற்றார். பேரவை உறுப்பினர் அல்லாதார் ஒருவர் அமைச்சராகலாம்; ஆனால் தொடர்ந்து ஆறு திங்களுக்கு மேல் அவ்வாறு இருத்தல் இயலாது என்பது சட்டம்.

இவ்விதியின் கடுமையைப் புதுச்சேரி முன்னரே கண்டிருந்தது. 2001ஆம் ஆண்டு மே மாதம் ப. சண்முகம் உறுப்பினராகாமலே முதலமைச்சரானார். அவருக்கெனத் தொகுதி ஒன்று வாய்க்கவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் பதவி விலகினார். 2016இல் அந்நிலை நேரவில்லை. சான்குமார் தம் உறுப்பினர் பதவியைத் துறந்தார். நவம்பர் 19ஆம் நாள் நெல்லித்தோப்பில் இடைத்தேர்தல் நடந்தது. நாராயணசாமி 11,144 வாக்கு வேறுபாட்டில் வென்றார். இவ்வாறு ஒரே ஆண்டில் இருமுறை நெல்லித்தோப்பு மக்கள் வாக்குச்சாவடிக்குச் சென்றனர். தாம் தேர்ந்த ஒருவர் ஆறு திங்களுக்குள் பதவி துறப்பதை விரும்பியோரும் இருந்திருப்பர், முகஞ்சுளித்தோரும் இருந்திருப்பர். சட்டம் அதனைத் தடுக்கவில்லை.

இனி, பேரவையின் நடைமுறையைக் காணலாம். பாரதி பூங்காவின் அருகே பேரவைக் கட்டடம் உள்ளது. திருக்குறள் ஒன்றைப் பேரவைத் தலைவர் படித்து அவையைத் தொடங்குதல் மரபு. மொத்த உறுப்பினருள் மூன்றில் ஒரு பங்கினரேனும் இருந்தால்தான் அவை நடைபெறும். இரு கூட்டங்களுக்கிடையே ஆறு திங்கள் கழிதல் கூடாது.

அவை நடவடிக்கைகளுள் பொதுமக்களுக்கு மிக அணுக்கமானது கேள்வி நேரம். நெல்லித்தோப்பின் ஒரு தெருவில் மழைக்காலந்தோறும் நீர் தேங்குகிறது என்று கொள்வோம். அத்தெருவினர் உறுப்பினரிடம் முறையிடுகின்றனர். உறுப்பினர் அதனை வினாவாக எழுதி, பல நாள் முன்னரே பேரவைச் செயலகத்தில் அளிப்பார். வினா உரிய துறைக்குச் செல்லும். துறையினர் கோப்புக்களைப் புரட்டுவர். பொறியாளரிடம் விளக்கம் கேட்பர். ‘வாய்க்காலின் நீளம் என்ன? தூர் எடுத்தது எப்போது? பணம் ஒதுக்கியது எவ்வளவு?’ என்பனவற்றுக்கு விடை எழுதி அமைச்சர்க்கு அனுப்புவர். குறித்த நாளில் அமைச்சர் அவையில் எழுந்து விடையளிப்பார். அதனோடு முடிவதன்று. ‘பணம் ஒதுக்கியும் வேலை ஏன் தொடங்கவில்லை?’ என்று அவ்வுறுப்பினர் துணை வினா எழுப்புவார், பிறரும் எழுப்பலாம். எழுதிவைத்த விடை முதல் வினாவுக்கு உதவும். துணை வினாவுக்கோ அமைச்சரின் அறிவும் நேர்மையுமே உதவ வேண்டும். இரைச்சலும் வெளிநடப்புமே செய்தித்தாளில் பெரிய எழுத்துக்களில் வருகின்றன. தெருவாய்க்கால் பற்றிய விடை ஒரு மூலையில் வருகிறது. பல சமயம் வருவதே இல்லை. ஆயினும் அவ்விடையே அத்தெருவினர்க்கு வேண்டுவது.

அவையிற் பேசப்படும் சொற்கள் அனைத்தையும் சுருக்கெழுத்தர் பதிவு செய்வர். தகாத சொல் எழின், அதனை நீக்குமாறு தலைவர் பணிப்பார். நீக்கப்படாத சொல் என்றும் நிற்கும். அமைச்சர் ஒருவர் ‘இவ்வாண்டே வேலை முடியும்’ என்று கூறினால், அடுத்த ஆண்டு அதே ஏட்டை எடுத்து அவர்முன் படிக்க இயலும்.

மசோதா ஒன்று சட்டமாதற்கு அவை அதனை அறிமுக நிலையிலும், பிரிவு பிரிவாக ஆராயும் நிலையிலும், நிறைவேற்றும் நிலையிலும் ஏற்க வேண்டும். பின்னர்த் துணைநிலை ஆளுநரின் இசைவு வேண்டும். அவர் அதனைக் குடியரசுத் தலைவரின் கருத்துக்கு நிறுத்திவைக்கவும் கூடும். ஆண்டு வரவு செலவுத் திட்டமும் குடியரசுத் தலைவரின் முன் இசைவு பெற்றே அவைக்கு வருதல் வேண்டும். தனி மாநிலத் தகுதி வேண்டும் என்று இப்பேரவை பன்முறை தீர்மானம் நிறைவேற்றியதன் காரணம் இதனால் விளங்கும்.

தீர்மானம் எதுவாயினும் இறுதியில் முடிவு செய்வது எண்ணிக்கையே. ‘ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க’ என்று தலைவர் கேட்பார். குரலைக் கொண்டு முடிவு செய்தல் ஐயத்துக்கு இடமானால் தலையெண்ணிக் கணிப்பர். தலைவர் முதலில் வாக்களிப்பதில்லை. இருபுறமும் சமமாக நின்றால் மட்டும் அவர் தம் வாக்கை இடுவார். பெரும்பாலான நாட்களில் இவ்விதி ஏட்டளவில் உறங்குகிறது. ஒரோவழி அரசின் உயிர் அதனைப் பற்றித் தொங்குகிறது.

அத்தகைய நாள் 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 22. அதற்கு முந்திய வாரங்களில் ஆளுங்கட்சி வரிசையினர் ஒருவர்பின் ஒருவராகப் பதவி விலகினர். கட்சி தாவுவோர் பதவியிழப்பர் என்னும் சட்டம் 1985 முதல் உண்டு. கொறடாவின் ஆணையை மீறி எதிர்த்து வாக்களிப்பவர்க்கும் அதுவே கதி. பதவியையே துறப்பவரை அச்சட்டம் தீண்டுவதில்லை. நெல்லித்தோப்பை விட்டுக்கொடுத்த சான்குமார், 2019இல் காமராசர் நகர் இடைத்தேர்தலில் வென்று மீண்டும் உறுப்பினராகியிருந்தார். 2021 பிப்ரவரியில் விலகியோருள் அவரும் ஒருவர். 21ஆம் நாள் மேலும் இருவர் விலகினர். முதலமைச்சர் தம் பெரும்பான்மையை 22ஆம் நாள் மாலை 5 மணிக்குள் அவையில் மெய்ப்பிக்க வேண்டும் என்று துணைநிலை ஆளுநர் பொறுப்பிலிருந்த தமிழிசை சௌந்தரராசன் முன்னரே ஆணையிட்டிருந்தார்.

அன்று பேரவையின் கணக்கைப் பார்த்தல் வேண்டும். மொத்த இடங்கள் 33. அவற்றுள் 7 வெறுமையாயின. எஞ்சியோர் 26 பேர். அரசை ஆதரித்தோர், பேரவைத் தலைவரையும் சேர்த்து, 12 பேர். எதிர் வரிசையினர் 14 பேர். அந்த 14 பேருள் 3 பேர் நியமன உறுப்பினர். அம்மூவரை நீக்கினால் எதிரணி 11. தலைவரை விடுத்தால் ஆளும் அணியும் 11. இருபுறமும் சமன். அப்போது தலைவரின் வாக்கே அரசைக் காக்கும். அம்மூவரைச் சேர்த்தாலோ 14க்கு எதிரே 11; அரசு நில்லாது. மக்களால் தேர்ந்தெடுக்கப்படாத மூவரின் கையில் அரசின் நிலை தங்கியது என்பது இதனால் தெளிவு.

வாக்குப் பெறாதவர் ஓர் அரசை வீழ்த்தலாமோ என்று ஆளும் தரப்பினர் கேட்டனர். அது எளிதில் தள்ளத்தக்க வினா அன்று. நெல்லித்தோப்பில் ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்று தந்த ஓர் இடமும், ஓர் ஆணைத்தாள் தந்த ஓர் இடமும் ஒரே மதிப்புடையனவோ என்று மனம் கேட்கத்தான் செய்யும். ஆயினும் இவ்வினாவுக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் முன்னரே விடை கூறியிருந்தது. 2017இல் நடந்த நியமனத்தை எதிர்த்த வழக்கில், 2018ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் அந்நியமனம் செல்லும் என்றும், நியமன உறுப்பினர்க்கும் ஏனையோரைப் போல வாக்குரிமை உண்டு என்றும் அது தீர்ப்பளித்தது.

இலக்கணம் கற்றார்க்கு இங்கே ஒரு நுட்பம் புலப்படும். அடைமொழி பொருளைச் சுருக்கும். குடியரசுத் தலைவர் தேர்தலைப் பற்றிக் கூறுமிடத்து அரசமைப்புச் சட்டம் ‘தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்’ என்று அடைகொடுத்துக் கூறுகிறது. ஆதலால் நியமன உறுப்பினர்க்கு அங்கே வாக்கில்லை. பேரவையின் வாக்கெடுப்பைப் பற்றிய 1963ஆம் ஆண்டுச் சட்டமோ, வந்திருந்து வாக்களிக்கும் ‘உறுப்பினர்’ என்று வாளா கூறுகிறது. அடையில்லாச் சொல் அனைவரையும் தழுவும். அதனை மாற்ற வேண்டுமெனில் நாடாளுமன்றம் அடைமொழி ஒன்றைச் சேர்த்தாலன்றி வேறு வழியில்லை.

அன்று அவை கூடியது. முதலமைச்சர் நம்பிக்கைத் தீர்மானத்தை முன்மொழிந்து நெடிது பேசினார். தம் அரசின் செயல்களை எடுத்துரைத்தார். மத்திய அரசையும் முந்தைய துணைநிலை ஆளுநரையும் குறை கூறினார். பின்னர் வாக்கெடுப்பு நிகழுமுன்னரே தம் ஆதரவாளர்களோடு அவையை விட்டு வெளியேறினார். பேரவைத் தலைவர் வி. பெ. சிவக்கொழுந்து, அரசு பெரும்பான்மையை மெய்ப்பிக்கத் தவறியது என்று அறிவித்தார். நாராயணசாமி துணைநிலை ஆளுநரிடம் சென்று விலகல் கடிதத்தைக் கொடுத்தார். ஐந்தாண்டு முடியச் சில திங்களே இருந்தன. மாற்று அரசு அமையவில்லை. அத்திங்கள் 25ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஆட்சி நடைமுறைக்கு வந்தது.

ஏப்ரல் 6ஆம் நாள் பொதுத்தேர்தல் நடந்தது. நெல்லித்தோப்பு வாக்காளர், சட்டமன்றத்துக்கென ஐந்தாண்டுக்குள் மூன்றாம் முறையாக, வரிசையில் நின்றனர்.