சீக்கிரம் காய்கிற பசை பலவீனமானதா?

நம்பிக்கை: தண்ணீர் போன்ற மெல்லிய பசை சட்டென்று காய்ந்துவிடும், அதனால் ஒட்டு நிற்காது. டியூபில் வரும் கெட்டிப் பசைதான் பலம்.

உண்மை: பிளாஸ்டிக் மாடல் செய்கிறவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. விமானத்தின் இறக்கை கழன்றாலும் பீரங்கி வண்டியின் சக்கரம் விழுந்தாலும் பழி பசையின் மேல்தான். பாலிமர் வேதியியல் சொல்லிக்கொடுக்கும் எனக்கு இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. சொல்கிறவர்களில் ஒருவராவது பசை என்ன வேலை செய்கிறது என்று யோசித்திருந்தால் இந்த வதந்தி இத்தனை காலம் ஓடியிருக்காது.

மர வேலைப் பசை இரண்டு பலகைகளுக்கு நடுவே தங்கிப் பிடித்துக்கொள்கிறது. மாடலுக்கான கரைப்பான் பசை எங்கும் தங்குவதில்லை. பெரும்பாலான கிட்டுகளின் பாகங்கள் பாலிஸ்டைரீனால் ஆனவை. சுமார் 100 டிகிரி செல்சியஸ் வரை அது கண்ணாடிபோல் விறைப்பாக இருக்கும். கரைப்பான் உள்ளே புகுந்ததும் அறையின் வெப்பத்திலேயே அதன் நீண்ட மூலக்கூறுகள் இளகி நகரத் தொடங்குகின்றன. இந்தப் பக்கத்து இழைகள் அந்தப் பக்கம் போய்ப் பின்னிக்கொள்கின்றன. பிறகு கரைப்பான் ஆவியாகிவிடும், பிளாஸ்டிக் பழையபடி இறுகிவிடும். நடுவே மிஞ்சுவது பாலிஸ்டைரீன் மட்டுமே. இதை ஒட்டு என்பதைவிடப் பற்றவைப்பு என்பதே சரி. நெருக்கமாகப் பின்னிக் கிடக்கும் நீண்ட மூலக்கூறுகள் ஒன்றினிடையே ஒன்று எப்படி ஊர்ந்து நகர்கின்றன என்று 1971-இல் விளக்கியவர் பிரெஞ்சு இயற்பியலாளர் பியேர்-ஜில் த ஜென். பாலிமர்கள் பற்றிய ஆய்வுகளும் சேர்ந்துதான் 1991-இல் அவருக்கு நோபல் பரிசைப் பெற்றுத் தந்தன.

அப்படியானால் பலம் எதைப் பொறுத்தது? இரண்டு முகங்களும் ஒன்றையொன்று தொட்டிருக்கும்போதே நனைந்தனவா, இழைகள் பின்னிக்கொள்ள நேரம் கிடைத்ததா என்பதைத்தான். பசை கெட்டியா மெல்லியதா என்பது இரண்டாம்பட்சம். டியூப் பசையிலும் வேலை செய்வது கரைப்பான்தான். அதில் பாலிஸ்டைரீனைக் கரைத்துக் கெட்டியாக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். பாகத்தை மெதுவாகத் திருப்பி நேராக வைக்க அவகாசம் வேண்டுமென்றால் அது உதவும். ஆனால் அதிகமாகப் பூசினால் உள்ளே நெடுநேரம் தங்கி மெல்லிய பாகங்களைக் குழைத்துவிடும். வண்ணம் அடித்த பின்பும் இணைப்புக் கோடு உள்வாங்கும்.

‘காய்ந்துவிட்டது’ என்று கண்ணுக்குத் தெரிவதும் பாதி உண்மைதான். டாமியா நிறுவனத்தின் கரும்பச்சை மூடி போட்ட எக்ஸ்ட்ரா தின் சிமெண்ட் என்ற மெல்லிய பசையில் முக்கியமானவை அசிட்டோனும் பியூட்டைல் அசிடேட்டும். அசிட்டோன் 56 டிகிரியில் கொதிப்பது, அதனால் சீக்கிரம் பறந்துவிடும். மற்றது 126 டிகிரியில் கொதிப்பது, நிதானமாகத்தான் வெளியேறும். மேலே உலர்ந்ததைப் பார்த்துவிட்டு ஐந்தாவது நிமிடமே இழுத்துப் பார்த்து, பிய்ந்ததும் பசையைத் திட்டினால் என்ன நியாயம்? ஒரு நாள் விட்டுவிடுங்கள்.

கழன்றுபோகும் இணைப்புகளுக்கு உண்மையான காரணங்கள் வேறு. ஒட்டும் முகத்தில் வண்ணமோ குரோம் பூச்சோ இருந்தால் கரைப்பானால் பிளாஸ்டிக்கைத் தொட முடியாது. சுரண்டிவிட்டு ஒட்டுங்கள். இன்னொரு தவறு, டியூப் பசையைப் போல ஒரு பாகத்தில் பூசி, பிறகு மற்றதைத் தேடிக்கொண்டிருப்பது. அதற்குள் பாதி ஆவியாகிப் போயிருக்கும். முதலில் இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள். பிறகு தூரிகை நுனியால் இடுக்கைத் தொடுங்கள். நுண்புழை ஈர்ப்பால் திரவம் தானே உள்ளே ஓடும். இடுக்கின் மேல் விரல் வைக்காதீர்கள், அங்கேயும் ஓடிவந்து கைரேகையைப் பதித்துவிடும்.

இன்னும் நம்பிக்கை வரவில்லையா? பாகங்கள் கோத்து வரும் சட்டத்தில் இரண்டு துண்டு வெட்டி ஒட்டி, மறுநாள் வளைத்துப் பாருங்கள். ஒழுங்காக ஒட்டியிருந்தால் இணைப்பு எளிதில் விட்டுக்கொடுக்காது.

நம்பிக்கை: ஃபெவிக்விக் இருக்கும்போது தனிப் பசை எதற்கு?

உண்மை: அது சயனோஅக்ரிலேட். காற்றின் ஈரத்தால் இறுகி இடையில் தங்குவது, நொறுங்கும் தன்மை உடையது. உலோகத் தகடு, ரெசின் பாகங்களுக்கு அதுவே சரி. விமானியின் கண்ணாடிக் கூண்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் வெள்ளைப் புகை படியும். அங்கே ஃபெவிகால் போதும்.

நம்பிக்கை: நெயில் பாலிஷ் ரிமூவரும் மாடலுக்கான கரைப்பான் பசையும் ஒன்றுதான்.

உண்மை: ரிமூவரில் தண்ணீரும் எண்ணெயும் வாசனைப் பொருளும் கலந்திருக்கலாம். அசிட்டோனே இல்லாதவையும் உண்டு. நகத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை: பசை சிந்தினால் உடனே துடைக்க வேண்டும்.

உண்மை: இளகிய பிளாஸ்டிக்கைத் துடைத்தால் இழுவிக் கெட்டுப்போகும். தொடாமல் விடுங்கள். இறுகிய பிறகு உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளலாம்.

நம்பிக்கை: ஆரஞ்சு மணம் வீசும் லிமோனீன் பசை உடம்புக்கு ஒன்றும் செய்யாது.

உண்மை: மணம் பாதுகாப்புக்குச் சான்றிதழ் அல்ல. காற்றுபட்டு மாறிய லிமோனீன் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். எந்தக் கரைப்பானானாலும் ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். ஏ.சி. போட்ட அடைத்த அறையில் பிள்ளைகளை உட்கார வைத்து ஒட்டச் சொல்வது பெற்றோர் செய்யும் பெரிய தவறு.

நம்பிக்கை: மாடலுக்கான கரைப்பான் பசை எல்லாப் பிளாஸ்டிக்கையும் ஒட்டும்.

உண்மை: ஒட்டாது. பாலிஎதிலீன், பாலிபுரொப்பிலீன் இரண்டும் இதற்கு அசைந்து கொடுக்காது. ஏ.பி.எஸ். பாகங்களுக்கென்றே தனிப் பசை விற்கிறார்கள். எது எதனால் ஆனது என்பதைப் பல ஜப்பானியக் கிட்டுகள் சட்டத்தின் மேலேயே அச்சிட்டுத் தருகின்றன. அதைப் படிக்கிறவர்கள்தான் குறைவு. வீட்டுப் பிளாஸ்டிக் பொருள்களிலும் அடையாளம் உண்டு; முக்கோணத்துக்குள் எண் போடும் அந்தப் பழக்கம் 1988-இல் அமெரிக்காவில் தொடங்கியது. 2 என்றால் அடர் பாலிஎதிலீன், 5 பாலிபுரொப்பிலீன், 6 பாலிஸ்டைரீன். வீட்டில் இருக்கும் தயிர் டப்பாவையும் ஷாம்பு பாட்டிலையும் கவிழ்த்துப் பார்க்கக்கூட நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தருவதில்லை. ஒன்பதாம் வகுப்பு மாணவன் பாலிமர் என்பதன் இலக்கணத்தை ஒப்பிக்கிறான், கையில் இருக்கும் பிளாஸ்டிக்கின் பெயர் அவனுக்குத் தெரியாது. பள்ளி ஆய்வகத்தில் ஒரே ஒரு வகுப்பு இதற்கு ஒதுக்குங்கள். எதை எதோடு சேர்க்கலாம், எதை எரிக்கக் கூடாது, எது மறுசுழற்சிக்குப் போகும் என்பதெல்லாம் அங்கிருந்துதான் தொடங்கும். பசையைக் குறை சொல்லும் முன் பிளாஸ்டிக்கின் பெயரைப் படியுங்கள்.