சிசுவின் மூளையிற் புதிய குருதிக்குழாய்கள்

பாரிசவாதம் முதியோருக்கே உரிய நோயென்று நாமும் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். எம் வகுப்பில் இடக்கையால் எழுதிய மாணவன் ஒருவனை வலக்கையால் எழுதுமாறு பன்முறை வற்புறுத்தினோம். ஒருநாள் அவன் தாயார் வந்து, பிறந்த காலத்திலேயே மூளையின் இடப்பக்கத்தில் அவனுக்குக் குருதியோட்டந் தடைப்பட்டதென்று கூறினார். எம் அறியாமை எமக்கு அன்றுதான் புலனாயிற்று.

சில ஆயிரம் சிசுக்களுள் ஒன்றுக்கு இவ்வாறு நேர்கின்றது. உறைந்த குருதி மூளையின் நாடியொன்றை அடைத்துவிடும். ஒட்சிசனின்றி அப்பகுதிக் கலங்கள் மடியும். இடப்பக்கத்து நாடியே பெரும்பாலும் அடைபடுதலின், வலக்கை வலுவிழக்கும்.

ஒட்சிசன் குன்றியதும், உயிர்தப்பிய கலங்கள் ஒரு புரதத்தைச் சுரக்கின்றன. அருகிலுள்ள குழாய்கள் அதனால் தளிர்விட்டுக் கிளைக்கும். 1983 இல் ட்வோராக் என்பாரும் அவர்தங் குழுவினரும் குழாய்களைக் கசியச்செய்யும் பொருளாக இதனைக் கண்டனர். 1989 இல் பெராரா முதலியோர் குழாய்களை வளர்க்கும் காரணியொன்றைப் பிரித்தெடுத்தனர். இரண்டும் ஒன்றே என்பது பின்னர் தெளிவாயிற்று. சிக்கல் முழுதும் அவ்விரு பெயர்களுள்ளேயே அடங்கிக் கிடக்கின்றது.

வளர்ந்த எலிகளிற் செய்த ஆய்வொன்று 2000 இல் வெளிவந்தது. அடைப்பு நேர்ந்து ஒரு மணி நேரத்தில் இக்காரணியைச் செலுத்தியபோது மூளையிற் கசிவு மிகுந்தது. 48 மணி நேரங் கழித்துச் செலுத்தியபோதோ புதுக்குழாய்கள் அரும்பி நலம் விளைந்தது. பொருள் ஒன்றே, காலமே வேறு! எலிக்குஞ்சுகளை ஆராய்ந்தோர், இக்காரணியின் ஏற்பியைத் தடுத்தபோது கலங்கள் மிகுதியாய் மடிந்தமையை 2010 இலும், காலந்தாழ்த்தி இதனைச் செலுத்தியபோது மூளை தேறியமையை 2013 இலும் வெளியிட்டனர். ஆயினும் எலிக்குஞ்சு வேறு, மனிதக் குழந்தை வேறு. சிசுக்களுக்குரிய மருந்தாக இஃது இன்னும் வழக்கிற்கு வரவில்லை.

இன்று கைகொடுப்பது பயிற்சியே. நல்ல கைக்கு உறையிட்டு, வலுவற்ற கையைத் தொழிற்படுத்தும் முறையும் அதனுள் ஒன்று. அதற்கு நோயை முன்னரே அறிதல் வேண்டுமன்றோ? ஓராண்டு நிறையுமுன் குழந்தை ஒரு கையையே நாடுமாயின் மருத்துவரிடங் காட்டுதல் தகும். எம் மாணவன் ஏழாம் மாதத்திலேயே இடக்கையை மாத்திரம் நீட்டினானாம். வீட்டார் அவனை இடக்கையன் என்று கூறி மகிழ்ந்திருந்தனராம்.