காக்கும் கைகளுக்கும் கல்வி

எஸ்.பி.எம். தேர்வுக்குப் பின் என்ன படிக்கலாம் என்ற பேச்சு எழும்போது மருத்துவம், பொறியியல், கணக்கியல், சட்டம் ஆகிய துறைகளே முதலில் நினைவுக்கு வரும். காவல் துறையில் சேர விரும்பும் மாணவரிடம், “அதற்கு எதற்குப் பட்டப்படிப்பு? உடல் வலிமையும் துணிச்சலும் போதாதா?” என்று கேட்பவர்கள் இன்றும் உள்ளனர். இந்தக் கேள்விக்கு அமெரிக்கக் கல்லூரிகள் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக விடை தேடி வந்துள்ளன. அந்தத் தேடலில் வளர்ந்ததுதான் குற்றவியல் நீதி என்னும் படிப்பு. 2001ஆம் ஆண்டுக்குப் பின் உள்நாட்டுப் பாதுகாப்பு என்னும் மற்றொரு படிப்பும் அதனுடன் கைகோத்துக் கொண்டது. இவ்விரண்டும் மாணவருக்கு எதைக் கற்றுத் தருகின்றன? அதை இப்பகுதியில் காண்போம்.

மூன்று கால்கள்

ஒருவரின் மோட்டார் சைக்கிள் திருடு போகிறது எனக் கொள்வோம். அவர் புகார் கொடுக்கிறார். காவலர்கள் விசாரித்து ஓர் இளைஞரைக் கைது செய்கின்றனர். நீதிமன்றம் வழக்கை விசாரித்துத் தீர்ப்பு வழங்குகிறது. குற்றம் உறுதியானால் அவ்விளைஞர் சிறைக்குச் செல்லலாம். அல்லது நன்னடத்தைக் கண்காணிப்பில் வைக்கப்படலாம். காவல் துறை, நீதிமன்றம், சீர்திருத்த அமைப்பு ஆகிய இம்மூன்றும் ஒரு முக்காலியின் கால்கள் போன்றவை. ஒரு கால் ஆட்டம் கண்டாலும் முக்காலி நிற்காது.

காவலர்கள் சரியான ஆளைப் பிடித்தும் சான்றுகளைக் கவனமின்றிக் கையாண்டால் வழக்கு நீதிமன்றத்தில் தோற்றுவிடும். நீதிமன்றம் நேர்மையாகத் தீர்ப்பளித்தும் சிறையில் திருந்துவதற்கு வழியில்லை என்றால், வெளியே வரும் இளைஞர் மீண்டும் திருடக்கூடும். எனவே இம்மூன்றையும் ஒரே அமைப்பாகப் பார்த்து ஆராய்வதே குற்றவியல் நீதிப் படிப்பின் அடிப்படை.

ஒரு காவல் தலைவரின் கனவு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் அரசியல்வாதிகளின் ஆள் என்பதே காவலராகச் சேரப் போதிய தகுதியாக இருந்தது. பயிற்சி என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. கலிபோர்னியா மாநிலத்தின் பெர்க்லி நகரக் காவல் தலைவரான ஆகஸ்ட் வால்மர் இந்நிலையை மாற்ற முனைந்தார். உயர்கல்வி கற்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. ஆயினும், தம் காவலர்கள் கற்றவர்களாக இருக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். 1908இல் தம் துறையிலேயே காவலர்களுக்கு ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1916இல் அவரது முயற்சியால் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் காவலர்களுக்கான வகுப்புகள் நடைபெறத் தொடங்கின. பின்னாளில் அப்பல்கலைக்கழகத்திலேயே அவர் பேராசிரியராகவும் பணியாற்றினார்.

வால்மர் விதைத்த விதை மரமாவதற்கு அரை நூற்றாண்டு ஆயிற்று. 1965இல் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன், குற்றங்களையும் நீதி நிர்வாகத்தையும் ஆராய ஓர் ஆணையத்தை அமைத்தார். 1967இல் அவ்வாணையம் தன் அறிக்கையை வெளியிட்டது. சட்டத்தை நடைமுறைப்படுத்தும் காவலர்கள் அனைவரும் காலப்போக்கில் பட்டதாரிகளாக வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. அடுத்த ஆண்டே, இத்துறையில் படிப்போருக்குக் கடனும் உதவித்தொகையும் வழங்கும் சட்டம் நிறைவேறியது. பணியிலிருந்த காவலர்கள் பலர் மாலை நேர வகுப்புகளில் புத்தகத்தைக் கையிலெடுத்தனர். நாடெங்கும் கல்லூரிகள் குற்றவியல் நீதித் துறைகளைத் திறந்தன.

பென்சிலால் எழுதிய மனு

இப்படிப்பில் சேரும் மாணவர் முதலாண்டிலேயே சந்திக்கும் பெயர்களுள் ஒன்று கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன். 1961இல் புளோரிடா மாநிலத்தில் ஒரு விளையாட்டுக் கூடத்தை உடைத்துத் திருட நுழைந்ததாக இவர்மீது குற்றஞ்சாட்டப்பட்டது. ஏழையான கிடியன் தமக்கு ஒரு வழக்கறிஞரை அமர்த்தித் தருமாறு நீதிபதியிடம் கேட்டார். மரண தண்டனைக்குரிய வழக்குகளில் மட்டுமே அவ்வுதவி கிடைக்கும் என்று நீதிபதி மறுத்துவிட்டார். சட்டம் கற்காத கிடியன் தமக்குத் தாமே வாதாடினார், தோற்றார். ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

சிறையிலிருந்தபடியே பென்சிலால் ஒரு மனுவை எழுதி உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார் கிடியன். 1963இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். கடுங்குற்றம் சாட்டப்பட்டவர் ஏழையாக இருந்தால் அவருக்கு அரசே வழக்கறிஞரை அமர்த்த வேண்டும் என்பதே அத்தீர்ப்பு. அதே ஆண்டில் வழக்கு மீண்டும் விசாரிக்கப்பட்டது. இம்முறை ஒரு வழக்கறிஞர் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தார். கிடியன் குற்றமற்றவர் எனத் தீர்ப்பாயிற்று.

சம்பவம் ஒன்றுதான்; குற்றம் சாட்டப்பட்டவரும் ஒருவர்தான். தமக்காகப் பேச ஒருவர் இல்லாதபோது சிறை, இருந்தபோது விடுதலை. இவ்வேறுபாட்டை உணரும் மாணவர், நாளை காவலராகும்போது தாம் கைது செய்யும் ஒவ்வொருவரும் குற்றவாளிதான் என்று முன்கூட்டியே முடிவு செய்ய மாட்டார்.

1966இல் வந்த மிராண்டா தீர்ப்பும் இத்தகையதே. காவலில் உள்ளவரை விசாரிக்கும் முன், பேசாமல் இருக்கும் உரிமையும் வழக்கறிஞரை நாடும் உரிமையும் அவருக்கு உண்டு என்று காவலர் அறிவிக்க வேண்டும் என அத்தீர்ப்பு வலியுறுத்தியது. இதனால் குற்றவாளிகள் தப்பிவிடுவர் எனச் சிலர் அஞ்சினர். ஆனால், மிராண்டாவின் வாக்குமூலம் ஒதுக்கப்பட்ட பின்னும், பிற சான்றுகளின் அடிப்படையில் மறுவிசாரணையில் அவர் தண்டிக்கப்பட்டார். முறையாகச் சான்று திரட்டக் கற்ற காவலருக்கு மனித உரிமை ஒரு தடையன்று என்பதை இவ்வழக்கு காட்டுகிறது.

2001க்குப் பின்

2001 செப்டம்பர் 11ஆம் நாள், பயங்கரவாதிகள் 19 பேர் நான்கு பயணிகள் விமானங்களைக் கடத்தினர். அன்றைய தாக்குதல்களில் ஏறத்தாழ 3,000 பேர் உயிரிழந்தனர். பின்னர் இதனை ஆராய்ந்த ஆணையம் ஓர் உண்மையைச் சுட்டிக்காட்டியது. கடத்தல்காரர்கள் சிலரைப் பற்றிய செய்திகள் அரசாங்க அமைப்புகளிடம் முன்பே இருந்தன. ஆனால், ஓர் அமைப்பு அறிந்ததை மற்றோர் அமைப்புக்கு உரிய நேரத்தில் தெரிவிக்கவில்லை. துண்டு துண்டாகக் கிடந்த செய்திகளை ஒன்றிணைத்துப் பார்ப்பாரில்லை.

இக்குறையைக் களைய 2002இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி 22 அரசாங்க அமைப்புகளையும் பிரிவுகளையும் ஒருங்கிணைத்து உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை உருவாக்கப்பட்டது. குடிநுழைவு, சுங்கம், கடலோரக் காவல், விமானப் பயணப் பாதுகாப்பு, பேரிடர் உதவி ஆகிய பணிகள் ஒரே குடையின்கீழ் வந்தன. புதிய பணிகளுக்குப் பயிற்சி பெற்ற ஆள்கள் தேவைப்பட்டனர். கல்லூரிகளும் புதிய பாடங்களை வகுத்தன. குற்றவியல் நீதி கற்பித்த துறைகள் பலவும் உள்நாட்டுப் பாதுகாப்பைத் தங்கள் பாடத்திட்டத்தில் சேர்த்துக்கொண்டன.

தொடக்கத்தில் இப்பாடங்களில் பயங்கரவாதமே முதலிடம் பெற்றிருந்தது. 2005ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வீசிய கத்ரினா சூறாவளி அப்பார்வையை விரிவாக்கியது. நியூ ஆர்லியன்ஸ் நகரின் வெள்ளத்தடுப்பு அரண்கள் உடைந்தன. நகரின் ஐந்தில் நான்கு பங்கு நீரில் மூழ்கியது. உதவி சென்று சேரத் தாமதமானதால் மக்கள் உணவும் குடிநீருமின்றித் தவித்தனர். வெடிகுண்டுக்கு அஞ்சிய நாடு, வெள்ளத்துக்கு ஆயத்தமாக இல்லை என்ற குறைகூறல் எழுந்தது. அதன்பின் பேரிடர் மேலாண்மையும் இப்படிப்பில் மேலும் முக்கியமான இடத்தைப் பெற்றது. வருமுன் காத்தல், பாதிப்பைக் குறைத்தல், உடனடியாக உதவுதல், மீண்டெழச் செய்தல் ஆகியவற்றை மாணவர்கள் சேர்த்தே கற்கின்றனர்.

ஒரு விரல்ரேகையின் பாடம்

குற்றவியல் நீதி, உள்நாட்டுப் பாதுகாப்பு ஆகிய இரண்டும் சந்திக்கும் இடத்தில் நிகழ்ந்த ஒரு தவற்றையும் மாணவர்கள் ஆராய்கின்றனர். 2004 மார்ச் மாதம் ஸ்பெயின் நாட்டின் மாட்ரிட் நகரில் இரயில்களில் குண்டுகள் வெடித்து 190க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வெடிபொருள் தொடர்பான ஒரு பையில் கிடைத்த விரல்ரேகையின் படம் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. என்னும் கூட்டரசு புலனாய்வுத் துறைக்கு அனுப்பப்பட்டது. கணினி காட்டிய ஒத்த ரேகைகளுள் ஒன்று ஓர் அமெரிக்க வழக்கறிஞருடையது. நிபுணர் ஒருவர் அதுவே என்றார். அடுத்துப் பார்த்த நிபுணர்களும் ஆம் என்றனர்.

ஸ்பெயின் காவல் துறை இம்முடிவை ஏற்கவில்லை. எனினும் அவ்வழக்கறிஞர் கைது செய்யப்பட்டு ஏறத்தாழ இரண்டு வாரங்கள் காவலில் வைக்கப்பட்டார். பின்னர் அந்த ரேகை வேறொருவருடையது என ஸ்பெயின் காவல் துறை கண்டறிந்தது. எஃப்.பி.ஐ. மன்னிப்புக் கோரியது. 2006இல் அமெரிக்க அரசாங்கம் அவருக்கு 20 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கியது.

தேர்ந்த நிபுணர்கள் பலர் எப்படி ஒரே தவற்றைச் செய்தனர்? முதல் நிபுணரின் முடிவை அறிந்த பின்னரே அத்துறையின் மற்ற நிபுணர்கள் ரேகையைச் சரிபார்த்தனர். முடிவு தெரிந்த கண்கள் வேற்றுமையை விட்டுவிட்டு ஒற்றுமையையே தேடின.

இங்கே நமக்குத் திருவள்ளுவர் நினைவுக்கு வருகிறார். ஓர் ஒற்றர் கொண்டுவந்த செய்தியை மற்றோர் ஒற்றரைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்று ஒற்றாடல் அதிகாரத்தில் அவர் கூறுகிறார். அதோடு அவர் நிற்கவில்லை. ஒற்றர்கள் ஒருவரை ஒருவர் அறியாதவாறு பணியாற்ற வேண்டும்; அவ்வாறு மூவர் கூறுவதும் ஒத்திருந்தால்தான் அதனை நம்பலாம் என்றும் அறிவுறுத்துகிறார். மாட்ரிட் விரல்ரேகையைப் பலர் பார்த்தனர். ஆனால், ஒருவரை அறியாமல் ஒருவர் பார்க்கவில்லை. முந்தைய முடிவை அறியாத ஒருவர் தனித்துச் சோதிக்க வேண்டும் என்று இன்றைய தடயவியல் வலியுறுத்துவதும் வள்ளுவர் காட்டிய அதே எச்சரிக்கைதான்.

மாணவர் கற்பது என்ன?

இப்படிப்பில் துப்பாக்கியைவிடப் பேனாவுக்கே வேலை அதிகம். குற்றவியல் சட்டம், உளவியல், சமூகவியல், தடயவியல், இணையப் பாதுகாப்பு, அறநெறி ஆகியவை பாடங்களாக அமைகின்றன. புள்ளிவிவரங்களைப் படித்தறியும் திறனும் வளர்க்கப்படுகிறது. ஓர் ஊரில் குடும்ப வன்முறைப் புகார்கள் பெருகுகின்றன என்றால் அங்கு வன்முறை கூடிவிட்டது என்று பொருளா? முன்பு அஞ்சி அடங்கியிருந்தவர்கள் இப்போது துணிந்து புகார் செய்கின்றனர் என்றும் பொருள் இருக்கலாமே! எண்ணுக்குப் பின்னால் இருக்கும் மனிதரைப் பார்க்க மாணவர் பழகுகிறார்.

அறிக்கை எழுதுதலும் இன்றியமையாத ஒன்று. கண்டதையும் கருதியதையும் கலவாமல் எழுத வேண்டும். “அவர் பதற்றத்துடன் இருந்தார்” என்பது எழுதுபவரின் கருத்து. “அவர் கைகள் நடுங்கின, கேள்விக்கு இரண்டு முறை வெவ்வேறு விடை கூறினார்” என்பது கண்ட செய்தி. ஒருவரின் விடுதலையோ சிறைவாசமோ இத்தகைய ஒரு வரியைச் சார்ந்திருக்கக்கூடும்.

நம் நாட்டிலும் இத்துறையில் ஆர்வமுள்ளோருக்கு வாய்ப்புகள் உள்ளன. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் தடயவியல் பட்டப்படிப்பு உண்டு. சட்டம், உளவியல், கணினி அறிவியல் ஆகியவற்றைக் கற்றவர்களும் காவல், சுங்கம், குடிநுழைவு, சிறைச்சாலை, தீயணைப்பு மீட்பு ஆகிய துறைகளுக்கு வலுச் சேர்க்க முடியும்.

காவல் பணி, பிறர் கைகளில் விலங்கு மாட்டும் அதிகாரத்தை ஒருவருக்குத் தருகிறது. அதனை எப்போது பயன்படுத்துவது என்பதைச் சட்டம் கூறும். எப்போது நிதானித்து மீண்டும் ஒருமுறை சரிபார்ப்பது என்பதைக் கல்வி கற்பிக்கும். துணிச்சல் உள்ள இளைஞர் நாட்டைக் காக்க முன்வரலாம். துணிச்சலோடு தம் முடிவையே ஐயுற்று ஆராயும் அறிவும் உள்ளவரிடம்தான் நாடு தன் மக்களை நம்பி ஒப்படைக்க முடியும்.

கருத்துணர் கேள்விகள்

1. குற்றவியல் நீதி அமைப்பு ஏன் முக்காலியுடன் ஒப்பிடப்படுகிறது?
2. கிடியன் வழக்கின் இரு விசாரணைகளுக்கும் இடையே இருந்த வேறுபாடு யாது? அதன் விளைவு என்ன?
3. கத்ரினா சூறாவளி உள்நாட்டுப் பாதுகாப்புப் படிப்பில் ஏற்படுத்திய மாற்றத்தை விளக்குக.
4. ஒற்றாடல் அதிகாரத்தின் கருத்து மாட்ரிட் விரல்ரேகை நிகழ்வுக்கு எவ்வாறு பொருந்துகிறது?
5. உன் பள்ளியில் ஒரு மாணவரின் பணப்பை காணாமல் போனது. அதனை விசாரிக்கும் பொறுப்பு உனக்குத் தரப்பட்டால், இப்பகுதியில் கற்ற எவற்றைக் கடைப்பிடிப்பாய்? காரணங்களுடன் எழுதுக.