பஞ்சு போல அமுங்கும் பிரேக்

வேலூரிலிருந்து ஒரு வாடகைக் கார் திருப்பதிக்கு வந்தது. காரில் ஒரு குடும்பம். பாட்டி, மகன், மருமகள், இரண்டு பிள்ளைகள். மலைக்கு மேலே போய்ச் சாமி கும்பிட வேண்டும்.

சித்தூர் தாண்டியதும் டிரைவருக்குச் சந்தேகம் வந்தது. பிரேக் பெடல் வழக்கத்தைவிட அதிகமாக இறங்கியது. பஞ்சை மிதிப்பது போல இருந்தது. இரண்டு முறை மிதித்தால்தான் கார் நின்றது.

ஓரமாக நிறுத்தினார். பானெட்டைத் திறந்தார். பிரேக் ஆயில் டப்பாவில் ஆயில் குறைந்திருந்தது. டிக்கியில் ஒரு பாட்டில் இருந்தது. எடுத்து ஊற்றினார். அந்த மாதத்தில் அவர் ஊற்றியது அது மூன்றாவது முறை.

திருப்பதி வந்ததும் அவருக்கு மனசு கேட்கவில்லை. ஒரு ஒர்க்‌ஷாப்பில் காரை நிறுத்தினார். வயதான மெக்கானிக் வந்து பார்த்தார்.

"மலைக்குப் போய்விட்டு வந்து வேலை பார்க்கலாமா அண்ணே? இவங்க அவசரப்படறாங்க."

"ஏறுவது பெரிசில்லை தம்பி. இறங்கணுமே?"

திருமலைக்கு இரண்டு பாதைகள் உண்டு. ஏறும் பாதை 1974இல் திறக்கப்பட்டது. இறங்கும் பாதைதான் பழையது. அது 1944இல் திறக்கப்பட்டது. அதில் கொண்டை ஊசி வளைவுகள் மட்டும் 36. ஒவ்வொரு வளைவிலும் பிரேக் பிடித்தாக வேண்டும்.

பாட்டிக்குக் கோபம். "இத்தனை தூரம் வந்த வண்டிதானே?" என்றார். மெக்கானிக் கோபப்படவில்லை. "அம்மா, நீங்க பஸ்ஸில் போய்ச் சாமி கும்பிட்டு வாங்க. கார் கீழேயே இருக்கட்டும்" என்றார். பஸ் கட்டணத்தை டிரைவரே கொடுத்தார். அன்றைய வரும்படியில் ஒரு பங்கு அதில் போனது.

பிறகு மெக்கானிக் ஒரு ஊசிக்குழாயை எடுத்தார். மருந்து ஏற்றும் குழாய்தான், ஊசி இல்லாதது. அதில் தண்ணீரை நிரப்பினார். நுனியை விரலால் அடைத்தார்.

"இப்போ அமுக்கு."

டிரைவர் அமுக்கினார். கொஞ்சமும் உள்ளே போகவில்லை. தண்ணீரைக் கொட்டிவிட்டு, வெறும் காற்றோடு அமுக்கச் சொன்னார். பஞ்சு போல உள்ளே போனது.

"உன் பெடல் இதுதான் தம்பி. ஆயில் அமுங்காது. காற்று அமுங்கும்."

பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளுகிறது. ஆயில் குழாய் வழியாக நான்கு சக்கரத்துக்கும் போகிறது. முன் சக்கரத்தில் பேட், பின் சக்கரத்தில் ஷூ. ஆயில் தள்ளத் தள்ள அவை நெருங்கிப் பிடிக்கின்றன. நடுவில் காற்று புகுந்துவிட்டால், கால் தரும் பலம் காற்றை அமுக்குவதிலேயே போய்விடுகிறது.

காற்று எப்படிப் புகுந்தது? மெக்கானிக் எஞ்சினை நிறுத்தச் சொன்னார். பெடலை ஐந்தாறு முறை மிதித்துவிட்டு, அப்படியே அழுத்திப் பிடிக்கச் சொன்னார். முதலில் பெடல் கெட்டியாக நின்றது. பிறகு மெல்ல மெல்லக் கீழே போனது. அப்படிப் போனால் எங்கோ கசிவு இருக்கிறது என்று அர்த்தம். வெளியே கசியாமல், மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் தேய்ந்திருந்தாலும் பெடல் இப்படித்தான் இறங்கும். ஆனால் அப்போது டப்பாவில் ஆயில் குறையாது. இங்கே குறைந்தது. ஆகவே வெளியேதான் தேட வேண்டும்.

முன் சக்கரத்துக்கு மரக்கட்டை வைத்தார்கள். ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்தி, பின் பக்கம் ஜாக்கி போட்டு, உறுதியான தாங்கி வைத்தார்கள். இடது பின் சக்கரத்தின் உள் பக்கம் ஈரம். டிரம்மைக் கழற்றியதும் தெரிந்தது. வீல் சிலிண்டர் ஒழுகி, ஷூ முழுவதும் ஆயில். ஆயிலில் ஊறிய ஷூ சரியாகப் பிடிக்காது. துடைத்து மாட்டவும் கூடாது. புது சிலிண்டர் போட்டார்கள். ஷூவை இரண்டு பின் சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்றினார்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

அடுத்தது ஏர் எடுக்கும் வேலை. இதற்கு இரண்டு ஆள் வேண்டும். டிரைவர் பெடலில் உட்கார்ந்தார். மெக்கானிக் சக்கரத்தின் நிப்பிளில் கண்ணாடி போன்ற ரப்பர் குழாயை மாட்டினார். அதன் மறு முனை ஒரு பாட்டிலில், ஆயிலுக்குள் மூழ்கி இருந்தது.

"மூணு தடவை மிதி. அப்படியே பிடி."

"பிடிச்சிட்டேன் அண்ணே."

நிப்பிளைக் கால் சுற்று திறந்தார். பாட்டிலில் குமிழ் குமிழாக வந்தது. பெடல் கீழே போனது.

"காலை எடுக்காதே!"

நிப்பிளை மூடிய பிறகுதான் "இப்போ விடு" என்றார். மூடுமுன் காலை எடுத்தால், வெளியே போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். குமிழ் நிற்கும்வரை இப்படியே செய்தார்கள். அந்தக் காரில் மாஸ்டர் சிலிண்டர் வலது பக்கம். ஆகவே தூரமான இடது பின் சக்கரத்தில் தொடங்கி, வலது பின், இடது முன், வலது முன் என்று முடித்தார்கள். சில கார்களில் வரிசை மாறும். காரின் புத்தகத்தில் இருக்கும். நடுநடுவே டப்பாவில் ஆயில் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். டப்பா காலியானால் மறுபடி காற்று புகும், முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

மெக்கானிக் டிக்கியில் இருந்த பழைய பாட்டிலைப் பார்த்தார். மூடி சரியாக மூடவில்லை.

"இது எத்தனை நாளா இருக்கு?"

"ஒரு வருஷம் இருக்கும் அண்ணே."

அதை ஓரமாக வைத்துவிட்டார். உப்பு ஜாடியைத் திறந்து வைத்தால் உப்பு ஈரம் கோர்க்கும் அல்லவா? பிரேக் ஆயிலும் அப்படித்தான். புதிய டாட் 3 ஆயில் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்த ஆயில் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். மலை இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் அந்தச் சூடு வந்துவிடும். ஆயில் ஆவியாகும். ஆவியும் காற்றைப் போல அமுங்கும். அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆயிலை மாற்றச் சொல்கிறார்கள். இறக்கத்தில் சின்ன கியரில் வருவதும் இதற்காகத்தான்.

"ஓடும்போது பெடல் அடியோடு போயிட்டா?"

"விட்டு விட்டு வேகமா மிதி. கியரை ஒவ்வொண்ணா இறக்கு. ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமா இழு. ஒரேடியா இழுத்தா வண்டி சுத்திடும்."

டப்பா மூடியில் எழுதியிருந்ததை டிரைவரைப் படிக்கச் சொன்னார். டிரைவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். "டாட் 3." அதே எழுத்து உள்ள, சீல் உடைக்காத டின்னைத்தான் வாங்க வேண்டும். எஞ்சின் ஆயிலை ஒரு சொட்டுகூட ஊற்றக் கூடாது. ரப்பர் எல்லாம் ஊதிப்போகும்.

மேடு பள்ளம் இல்லாத காலி இடத்தில், மெல்ல ஓட்டிப் பார்த்தார்கள். பெடல் மேலேயே கெட்டியாக நின்றது.

திரும்பி வந்ததும் மெக்கானிக் டப்பாவில் ஆயில் நிற்கும் இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டார். டிரைவர் தன் நோட்டில் தேதியையும் கிலோமீட்டரையும் எழுதிக்கொண்டார். ஒரு வாரம் கழித்து வேலூரில் பானெட்டைத் திறந்து பார்த்தார். ஆயில் அந்தக் கோட்டிலேயே நின்றது.