இறைப்பு மோட்டாரில் மின்சாரச் சிக்கனம்: குடியானவர் ஏற்கும் விதத்தைக் கணித்தல்

மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தும் இயந்திரங்களுக்குச் சர்க்கார் மானியம் அளிக்குமிடத்து, எத்தனை பேர் எத்தனை வருஷங்களில் அவற்றை ஏற்பர் என்று முன்கூட்டிக் கணித்தல் அவசியமாகிறது. கணிப்புப் பிசகினால் ஒதுக்கிய பணம் செலவாகாது கிடக்கும். அல்லது மானியமின்றியே வாங்கக்கூடியவரிடம் போய்ச் சேரும். பழைய பம்பு ஸெட்டை அகற்றி நட்சத்திரக் குறியிட்ட புதியதைப் பொருத்தச் சிறு, குறு விவசாயிகளுக்கு வேளாண் பொறியியல் துறை உதவும் திட்டம் இதற்குத் தக்க உதாரணமாகும்.

வழக்கமான கணக்கு எளியது. கணக்கின் பொருட்டு, பழைய மோட்டார் மணிக்கு 5 யூனிட்டும், அதே அளவு நீரை இறைக்கும் புதியது 4 யூனிட்டும் கொள்வதாக வைத்துக்கொள்வோம். வருஷத்தில் 1,200 மணி ஓடினால் 1,200 யூனிட் மீதம். யூனிட் 6 ரூபாய் எனில் 7,200 ரூபாய். புதிய ஸெட்டின் விலை 36,000 ரூபாயாயின் 5 வருஷத்திலும், பாதி மானியம் கிடைத்தால் இரண்டரை வருஷத்திலும் முதல் திரும்பிவிடும். ஆகவே யாவரும் வாங்குவர் என்று முடிவு கட்டுவது இக்கணக்கு.

தன் மின்கட்டணத்தைத் தானே செலுத்தும் அரிசி ஆலைக்காரருக்கு இது பொருந்தும், குடியானவருக்குப் பொருந்தாது. தமிழ்நாட்டில் 1984ஆம் வருஷத்தில் சிறு விவசாயிகளுக்கும், 1990இல் ஏனையோருக்கும் இறைப்பு மின்சாரம் இலவசமாயிற்று. எனவே மீதமாகும் 7,200 ரூபாய் மின்வாரியத்தின் கணக்கிலும், அதற்கு ஈடு செய்யும் கஜானாவிலும் சேருமேயன்றி, மோட்டார் வாங்கியவர் மடியில் விழாது. மானியம் போக மீதி விலையோ அவர் கைப்பணம். இந்நிலையில் அவர் தயங்குவதை அறியாமை என்பது நியாயமன்று.

அவர் பார்க்கும் கணக்கு வேறு. மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் எவ்வளவு நீர் கிடைக்கும்? மின்னழுத்தம் தாழ்ந்தால் மோட்டார் தாங்குமா? எரிந்துபோனால் காயில் கட்டுவோர் பக்கத்தில் உண்டா? பயிர் வாடும் சமயத்தில் இரண்டு நாள் நீர் நின்றால் வரும் நஷ்டத்தை எந்த மானியமும் ஈடு செய்யாது.

புதுக்கோட்டை ஜில்லா முழுவதற்கும் ஒரே கணிப்பும் கூடாது. மேற்கே விராலிமலை, குளத்தூர், திருமயம் பக்கங்கள் கடும்பாறைப் பூமி. அங்கே பல கிணறுகள் சில மணி நேர இறைப்பில் வற்றிவிடும். வேகமாக இறைப்பதால் அனுகூலம் சொற்பம். கிழக்கே ஆலங்குடி, அறந்தாங்கிப் பக்கங்களில் ஆழ்துளைக் கிணறுகள் மிகுதி. ஆழத்திலுள்ள மோட்டாரை வெளியே எடுப்பதே பெருஞ்செலவாதலால் அடிக்கடி பழுதாகாத மோட்டாரையே அங்கு விரும்புவர். அத்துடன், கூடுதல் நீர் கிடைத்தால் பூச்செடியை இன்னும் சிறிது விரிவாக்குவதும் உண்டு. எதிர்பார்த்த யூனிட் மீதம் அவ்வளவுக்குக் குறையும். இதனைக் கழிக்காத திட்ட மதிப்பீடு காகிதத்தில் மட்டுமே மெய்.

காலத்தைக் கணிப்பதற்கு அமெரிக்காவின் அயோவா மாகாணத்து அனுபவம் உதவும். ரையன், கிராஸ் என்ற இருவர் 1943இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 259 குடியானவர்கள் வீரிய மக்காச்சோள விதையை ஏற்ற விதத்தை விசாரித்தனர். முதல் ஐந்து வருஷங்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவரே ஏற்றார். பின்னர் வேகம் பிடித்து, 1941க்குள் இருவர் தவிர யாவரும் ஏற்றனர். செய்தி வியாபாரிகளால் பரவிற்று. நம்பிக்கை அண்டை வயலால் உண்டாயிற்று. எனினும் அவ்விதையின் லாபம் விதைத்தவருக்கே சேர்ந்தது என்பதை மறக்கலாகாது. லாபம் பிறர்க்குப் போகும் பொருளுக்கு அதே வேகத்தை எதிர்பார்த்தல் பிழை.

கிராம அதிகாரிகள் பட்டியல் தயாரிக்கையில் நிலப்பரப்பும் மோட்டாரின் குதிரைத்திறனும் மட்டும் குறிப்பது போதாது. திறந்த கிணறா, ஆழ்துளையா. மோட்டார் எத்தனை முறை எரிந்தது. மானியம் இல்லாவிடினும் இவ்வருஷம் மாற்ற உத்தேசமா என்பனவற்றையும் கேட்டறிதல் வேண்டும். கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்பவரைத் திட்டத்தின் பலனாக எண்ணக்கூடாது. திறந்த கிணறுள்ள ஊர்களில், நீர் எளிதிற் செல்லும் புட்வால்வும், சற்று அகன்ற குழாயும், தேவையற்ற வளைவுகளை நீக்குதலும் சொற்பச் செலவில் பயன் தருவன. பழைய மோட்டாரை மாற்ற மனமில்லாதவரும் இவற்றை மறுப்பது அரிது. ஆகையால் விசாரணையை இவற்றிலிருந்து தொடங்கலாம்.