ஒரே மாவட்டம், மூன்று இளவேனில்: பருவ முன்னோட்டத்தை வாசிப்பது எப்படி?

நம் நாட்டில் பிறந்தவர்களுக்கு இளவேனில் என்பது பாடப்புத்தகத்தில் மட்டுமே வரும் பருவம். தமிழ்ப் பாடத்தில் சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று மனனம் செய்தோம். இடைநிலைப்பள்ளிக்குச் சென்றதும் அது மலாய்மொழியில் ‘மூசிம் பூங்கா’ ஆனது. பூக்களின் பருவம் என்பது அதன் பொருள். நம் காதுக்கோ பூங்கா என்றே கேட்கும். இரண்டு பெயர்களையும் கற்றோமே தவிர, அந்தப் பருவத்தை நாம் கண்டதில்லை.

புவியியல் மாணவன் என்ற முறையில், பருவ முன்னோட்டங்களைப் படித்து விளக்கும் பயிற்சி ஒன்றை அண்மையில் செய்தேன். அதற்கு நான் எடுத்துக்கொண்ட இடம் அமெரிக்காவின் தென்மேற்கு மூலையில் உள்ள சான் டியேகோ மாவட்டம். கடற்கரை, மலை, பாலைவனம் மூன்றும் அங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. பசிபிக் கரையிலிருந்து போரேகோ ஸ்பிரிங்ஸ் என்னும் பாலைவன ஊர் நேர்கோட்டில் ஏறக்குறைய 100 கிலோமீட்டர்தான். கோலாலம்பூருக்கும் மலாக்காவுக்கும் இடையிலான தூரத்தை விட இது குறைவு. மே மாதத்தில் ஒரே நாளில் கரையில் 20 பாகை செல்சியஸ், போரேகோவில் 35 பாகை என்பது அங்கே சாதாரணம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். வானிலையாளர்கள் மார்ச், ஏப்ரல், மே ஆகிய மூன்று மாதங்களையே இளவேனிலாகக் கணக்கிடுகின்றனர். நம் பஞ்சாங்கக் கணக்கு அதற்குச் சற்றுப் பிந்தியது.

கரையில் மந்தாரம்

இளவேனில் முற்ற முற்ற வெயில் கூட வேண்டும் அல்லவா? சான் டியேகோ கரையில் நடப்பது வேறு. மே மாதத்தைச் ‘சாம்பல் மே’ என்றும் அடுத்ததை ‘மந்தார ஜூன்’ என்றும் பொருள்படும் பெயர்களால் அவ்வூர் மக்கள் அழைக்கின்றனர். காரணம் கடலில் இருக்கிறது. கலிபோர்னியா நீரோட்டம் வடக்கிலிருந்து குளிர்ந்த நீரைக் கொண்டுவருகிறது. ஏப்ரலில் கடல்நீரின் வெப்பம் 16 பாகையை ஒட்டியே இருக்கும். பினாங்குக் கடலில் குளித்துப் பழகியவர்கள் காலை நனைத்தவுடன் திரும்பி ஓடிவிடுவார்கள்! அந்நீரைத் தொட்டுக் கிடக்கும் காற்றும் குளிர்ந்து ஈரமாகிறது. அதற்கு மேலே, பசிபிக்கின் உயர் அழுத்த மண்டலத்திலிருந்து இறங்கும் காற்று அமுங்கிச் சூடாகிறது. கீழே குளிர், மேலே வெப்பம் என்று ஆகிவிட்டால், சட்டிக்கு மூடி போட்டது போலத்தான். ஈரக்காற்று மேலெழ முடியாமல் தாழ்ந்த மேகமாகப் படர்கிறது.

இந்த மூடி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதே கரைவாசிகளின் அன்றைய நாளை முடிவு செய்யும். தாழ்ந்திருந்தால் கரையோரம் மட்டும் மூடுபனி சூழும். உயர்ந்திருந்தால் மேகம் உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளையும் தாண்டி மலையடிவாரம் வரை சென்று தூறலும் போடும். மிராமாரிலிருந்து பறக்கவிடப்படும் வானிலை பலூன் அளந்து சொல்வதில் இந்த உயரமும் ஒன்று.

மலையும் அதன் மறைவும்

மேகமூட்டத்துக்கு மேலே தலை நீட்டி நிற்கும் லகூனா மலைகளில் அதே நேரத்தில் பளிச்சென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கும். ஆனால் வெயில் அடிப்பதால் அங்கே வெப்பம் என்று எண்ணிவிடக் கூடாது. ஈப்போவில் வியர்த்துவிட்டுக் கேமரன் மலை ஏறியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. லகூனா மலைகள் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரமுடையவை. ஏப்ரலிலும் பனி பெய்யக்கூடும். சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் உள்ள ஜூலியன், ஆப்பிளுக்குப் பெயர்போன ஊர். பூத்த மரத்தில் உறைபனி விழுந்தால் காய் பிடிக்காது. ஆகவே ஆப்பிள் விவசாயிக்கு மூன்று மாதச் சராசரி வெப்பம் பெரிதல்ல. ஓர் இரவின் குளிர்தான் பெரிது.

மழையைப் பிரிப்பதும் மலையே. சான் டியேகோ நகரில் ஆண்டு மழை சுமார் 250 மில்லிமீட்டர். கடற்காற்று மலை ஏறும்போது குளிர்ந்து ஈரத்தைக் கொட்டிவிடுவதால் பாலோமார் மலையில் 700 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. மறுபுறம் இறங்கும் காற்று காய்ந்து சூடாகிறது. போரேகோவில் பெய்வது கரையில் பெய்வதில் பாதியை ஒட்டித்தான். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரியும்போது பாலையாகின்றன என்று சிலப்பதிகாரம் கூறுவது தமிழ் மாணவர்களுக்குத் தெரிந்ததே. கலிபோர்னியாவுக்குத் திணை வகுக்க நான் முனையவில்லை. ஆயினும் குறிஞ்சியின் முதுகுக்குப் பின்னால் பாலை கிடப்பதை நிலப்படத்தில் பார்த்தபோது அந்த நினைவு வரவே செய்தது.

முன்னோட்டம் என்ன சொல்கிறது?

இனிதான் நம்மில் பலர் தடுமாறும் இடம். அமெரிக்காவின் பருவநிலை முன்கணிப்பு மையம் ஒவ்வொரு மாதமும் மூன்றாம் வியாழக்கிழமை அடுத்த மூன்று மாதங்களுக்கான முன்னோட்டத்தை வெளியிடுகிறது. 1991 முதல் 2020 வரையிலான 30 ஆண்டுக் கணக்கைக் கொண்டு பருவங்களை மூன்றாகப் பிரிக்கின்றனர்: சராசரிக்குக் கீழ், சராசரியை ஒட்டி, சராசரிக்கு மேல். எதுவுமே தெரியாத நிலையில் ஒவ்வொன்றுக்கும் வாய்ப்பு 33 விழுக்காடு. எல் நினோ, லா நினா போன்ற அறிகுறிகள் தென்பட்டால் இந்த எண்கள் நகரும். எடுத்துக்காட்டாக, மழை குறைய 40 விழுக்காடு, சராசரிக்கு 33, கூடுவதற்கு 27 என்று வரலாம். வரைபடத்தில் அப்பகுதி பழுப்பு நிறம் பெறும். பழுப்பைப் பார்த்தவுடன் ‘வறட்சி வருகிறது’ என்று செய்தித் தலைப்பு போட்டுவிடுகிறார்கள். அந்த எண்கள் சொல்வதோ, இத்தகைய பத்து ஆண்டுகளில் நான்கில்தான் மழை குறையும் என்பது.

இரண்டு ஆண்டுகளைப் பாருங்கள். 2015-16இல் எல் நினோ மிக வலுவாக இருந்தது. தென் கலிபோர்னியாவில் மழை கூடும் வாய்ப்பே அதிகம் எனக் கணித்தனர். மழை சராசரியை எட்டவில்லை. 2022-23இல் லா நினா தொடர்ந்து மூன்றாம் குளிர்காலமாக நீடித்தது; மழை குறையும் பக்கமே முன்னோட்டம் சாய்ந்திருந்தது. வந்தவையோ வளிமண்டல ஆறுகள் எனப்படும் நீண்ட ஈரப் பட்டைகள், ஒன்றன்பின் ஒன்றாக. 2023 பிப்ரவரியில் சான் டியேகோ வானிலை அலுவலகம் தன் வரலாற்றில் முதல் முறையாகப் பனிப்புயல் எச்சரிக்கை விடுத்தது. அதன் பொறுப்பில் உள்ள சான் பெர்னார்டினோ மலைகளில் சில இடங்களில் 2 மீட்டருக்கும் மேல் பனி குவிந்தது. மார்ச் 1, கணக்குப்படி இளவேனிலின் முதல் நாள். அன்று மலைவாசிகள் பலர் வீட்டுக் கதவைக்கூடத் திறக்க முடியாமல் சிக்கிக் கிடந்தனர்.

முன்னோட்டம் பொய்த்தது என்று இதைச் சொல்லலாமா? என் கருத்தில், அப்படிச் சொல்வது பாதி நியாயமே. 27 விழுக்காடு என்பது பூச்சியம் அன்று. ஆனால் மலையில் முதியவர்களோடு குடியிருக்கும் ஒருவருக்கு விழுக்காடு பேசி ஆறுதல் சொல்ல முடியாது என்பதும் உண்மை. அவருக்குப் பயன்பட்டது மூன்று மாத வரைபடம் அன்று. சில நாள்களுக்கு முன் வந்த எச்சரிக்கை. பருவ முன்னோட்டம் நீர்த்தேக்கத்தை நிர்வகிப்பவருக்கும் தீயணைப்புப் படைக்கும் உரியது. வீட்டில் எத்தனை நாள் அரிசி வைப்பது என்பதற்குத் தினசரி முன்னறிவிப்பைத்தான் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு வானிலைத் துறையைத் திட்டும் பழக்கம் நம் ஊரிலும் உண்டு.

சராசரி என்ற சொல்லும் ஏமாற்றக்கூடியது. சான் டியேகோ நகரில் ஏப்ரல் மாதச் சராசரி மழை 20 மில்லிமீட்டருக்கும் குறைவு. மே மாதத்தில் 10 மில்லிமீட்டரைக்கூட எட்டாது. நம் ஊரில் ஒரு மாலை மழையே அதைத் தாண்டிவிடும். அவ்வளவு சிறிய எண்ணை ஒரே ஒரு புயல் தலைகீழாக்கிவிடும். அதுபோல, ‘சாம்பல் மே’ என்று பெயர் பெற்ற மாதத்தில்தான் 2014ஆம் ஆண்டு பாலைவனப் பக்கமிருந்து சாந்தா அனா என்னும் வறண்ட காற்று வீசியது. மாவட்டத்தில் சில நாள்களுக்குள் பல இடங்களில் காட்டுத்தீ மூண்டது. கடலருகே உள்ள கார்ல்ஸ்பாட் நகரிலும் வீடுகள் எரிந்தன.

பாலையில் பூ

மூசிம் பூங்கா என்ற பெயருக்கு மிகப் பொருத்தமான இடம் போரேகோவைச் சூழ்ந்த அன்சா-போரேகோ பாலைவனப் பூங்காதான். 2017, 2019 ஆகிய ஆண்டுகளில் அங்கே மணல்வெளி முழுவதும் பூத்துக் குலுங்கியது. சிற்றூர் தாங்காத அளவுக்குக் கூட்டம் திரண்டது. பூக்கள் வந்தால் அவற்றைத் தின்னும் அந்துப்பூச்சிப் புழுக்கள் வரும்; புழுக்களைத் தின்ன, வடக்கே வலசை போகும் பருந்துகள் வந்திறங்கும்.

இந்தப் பூக்களைக் காண விரும்புவோர் இளவேனில் முன்னோட்டத்தில் மழையைத் தேடுவது வீண். பூக்கள் குடிப்பது குளிர்கால மழையை. விதை முளைக்க அதற்கும் முன்பே ஒரு நல்ல மழை வேண்டும். இளவேனிலில் கவனிக்க வேண்டியவை வெப்பமும் காற்றும். மார்ச்சில் வெப்பம் சட்டென்று ஏறினாலோ, மலை இடுக்குகள் வழியாக மேல்காற்று பலமாக இறங்கினாலோ, பல வாரம் நிற்க வேண்டிய பூ சில நாள்களில் கருகிவிடும். மார்ச் முதல் மே வரைக்கான முன்னோட்டம் பிப்ரவரி மூன்றாம் வியாழக்கிழமை வெளிவரும்போது, போரேகோ மணலுக்கடியில் விதைகள் முளைவிட்டிருக்கும், அல்லது அந்த ஆண்டைத் தூங்கியே கழிப்பதென்று கிடக்கும்.